மதராசி கேம்ப்: வீடும் காகிதமும்

பாலத்தின் பக்கத்தில் ஒரு குடியிருப்பு

தில்லி நம் நாட்டின் தலைநகரம். அங்கே ஜங்புரா என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் அருகில் ஹஜரத் நிஜாமுதீன் ரயில் நிலையம் உள்ளது. கன்னியாகுமரியில் புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வந்து சேருவது இந்த நிலையத்துக்குத்தான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வடிகால் ஓடுகிறது. அதன் பெயர் பாராபுல்லா. அங்கே முகலாய மன்னர் ஜஹாங்கீர் காலத்தில் கட்டிய ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தின் பெயரே வடிகாலுக்கும் வந்தது.

இந்த வடிகாலின் கரையில் ஒரு குடிசைப் பகுதி இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அதனால் அதை மதராசி கேம்ப் என்று அழைத்தார்கள்.

தமிழ்நாட்டின் பழைய பெயர் மதராஸ் மாநிலம். 1969 ஜனவரியில் அது தமிழ்நாடு என்று மாறியது. ஆனால் தெற்கிலிருந்து வந்தவர்களை வடக்கே மதராசி என்று சொல்லும் வழக்கம் போகவில்லை. குடிசைப் பகுதியின் பெயரிலும் அது நிலைத்துவிட்டது.

1960களின் கடைசியிலும் 1970களிலும் பல குடும்பங்கள் இங்கே வந்தன. ஊரில் மழை இல்லை. நிலம் இல்லை. கூலி போதவில்லை. முதலில் ஒருவர் வந்தார். பிறகு தம்பியை அழைத்தார். மாமன் வந்தார், மச்சான் வந்தார். கூரை போட்டார்கள். பிறகு செங்கல் சுவர் எழுப்பினார்கள். மின்சாரம் வந்தது. ரேஷன் கார்டு வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியது. பிள்ளைகள் பிறந்தார்கள். பேரன் பேத்திகளும் பிறந்தார்கள்.

பெண்கள் பலர் சுற்றியுள்ள வீடுகளில் வேலை செய்தார்கள். ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் பாத்திரம் துலக்கினார்கள், துணி துவைத்தார்கள், சமைத்தார்கள். ஆண்கள் வண்டி ஓட்டினார்கள், காவல் வேலை பார்த்தார்கள், கூலி வேலைக்குப் போனார்கள். வேலை செய்யும் வீடு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று பார்க்க முடிந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தில்லியில் பல பள்ளிகளை நடத்துகிறது. அங்கே தமிழ் கற்றுத் தருகிறார்கள். லோதி எஸ்டேட்டில் உள்ள பள்ளி மதராசி கேம்ப்புக்குப் பக்கம். கேம்ப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள்.

ஏன் அகற்றினார்கள்?

வடிகால் என்பது மழைத் தண்ணீர் போகும் வழி. வழி குறுகினால் தண்ணீர் தேங்கும். வடிகாலில் மண் சேர்ந்தால் அதை அள்ள வேண்டும். மண் அள்ளும் இயந்திரம் கரைக்கு வர வேண்டும். கரையில் வீடுகள் நெருக்கமாக இருந்தால் இயந்திரம் வர முடியாது.

2024 ஜூன் 28ஆம் தேதி தில்லியில் பேய்மழை கொட்டியது. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழையை விட அது அதிகம். சாலைகள் குளம்போல ஆயின. வடிகால்களைச் சரி செய்ய வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

இந்த விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மே 9ஆம் தேதி நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அதன் சாரம் இதுதான்:

பாராபுல்லா வடிகாலைச் சுத்தம் செய்ய வேண்டும். மழைக்காலத்துக்கு முன் வேலை நடக்க வேண்டும். அதற்காக மதராசி கேம்ப்பை அகற்ற வேண்டும். ஆனால் முறையாக அகற்ற வேண்டும். தகுதி உள்ள குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு தர வேண்டும். இது பொது நிலம். எனவே மறுவாழ்வு உரிமையைத் தவிர வேறு உரிமையை இங்குள்ளவர்கள் கேட்க முடியாது.

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. காலையில் போலீசார் வந்தார்கள். பிறகு புல்டோசர்கள் வந்தன. பல பத்தாண்டுகளாக இருந்த குடியிருப்பு தரைமட்டமானது.

370 வீடுகள்

மதராசி கேம்ப்பில் 370 வீடுகள் இருந்ததாகக் கணக்கு எடுத்தார்கள். நீதிமன்ற உத்தரவு வந்தபோது அவற்றில் 189 வீடுகளுக்கு மட்டுமே தகுதி உண்டு என்று பட்டியல் சொன்னது. மீதி 181 வீடுகளுக்குத் தகுதி இல்லை என்றது. பின்னர் மேலும் சில குடும்பங்களின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஒரே சந்து. ஒரே வடிகால் கரை. அடுத்தடுத்த சுவர். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மாற்று வீடு உண்டு, பக்கத்துக் குடும்பத்துக்கு இல்லை. இது எப்படி?

இங்கே வாழ்ந்தார்களா இல்லையா என்பது மட்டும் கேள்வி அல்ல. வாழ்ந்ததைக் காகிதத்தில் காட்ட முடிந்ததா என்பதுதான் கேள்வி. அதனால் இந்த விதிகளை நாம் படித்துத் தெரிந்து கொள்வது நல்லது.

யாருக்கு வீடு கிடைக்கும்?

தில்லியில் குடிசைவாசிகளின் மறுவாழ்வுக்கு 2015ஆம் ஆண்டுக் கொள்கை ஒன்று இருக்கிறது. தில்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம் அதை நடைமுறைப்படுத்துகிறது. அதன் முக்கியமான விதிகள் இவை:

1. குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

2. குடும்பத்தின் குடிசை 2015 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

3. குடும்பத் தலைவரின் பெயர் 2012 முதல் 2015 வரை உள்ள வாக்காளர் பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

4. ரேஷன் கார்டு, மின்சார ரசீது, ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகம் போன்ற சில ஆவணங்களில் ஒன்றாவது 2015க்கு முந்தையதாக இருக்க வேண்டும்.

5. மாடியில் தனியாக வாழும் குடும்பத்துக்குத் தனி ரேஷன் கார்டு இருக்க வேண்டும்.

6. கடை மட்டும் நடத்திய இடத்துக்கு வீடு கிடைக்காது.

வீடு இலவசம் அல்ல. பயனாளி 1,12,000 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்காக 30,000 ரூபாயும் கட்ட வேண்டும்.

இந்தக் கொள்கையில் இன்னொரு விதியும் இருக்கிறது. கூடுமான வரை குடிசை இருந்த இடத்திலேயே வீடு தர வேண்டும். முடியாவிட்டால் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தர வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில் மட்டும், வாரியத்தின் ஒப்புதலோடு, அதற்கு அப்பால் தரலாம்.

மதராசி கேம்ப் குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். அது ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

பெயரில் ஓர் எழுத்து

காகிதத்தில் எப்படிச் சிக்கல் வருகிறது? இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள். தில்லியில் மட்டும் அல்ல, எந்த ஊர்க் குடிசைப் பகுதியிலும் இது நடக்கலாம்.

"பெரியம்மா, உங்க ரேஷன் கார்டைக் கொடுங்க. வாக்காளர் அட்டையையும் கொடுங்க."

"எதுக்கு கண்ணு? ரெண்டும் என்னோடதுதானே?"

"ரெண்டும் உங்களோடதுதான். ஆனா ஒண்ணுல லட்சுமின்னு மட்டும் இருக்கு. இன்னொண்ணுல லட்சுமியம்மாள்னு இருக்கு."

"அதனால என்ன? ஊர்ல எல்லாரும் ரெண்டு விதமாவும்தான் கூப்பிடுவாங்க."

"ஊர்ல கூப்பிடலாம் பெரியம்மா. ஆபீஸ்ல ரெண்டு பேருன்னு நினைச்சுக்குவாங்க."

"அப்ப இத்தனை வருஷமா யாரும் சொல்லலியே!"

"யாரும் படிச்சுப் பார்க்கல. அதான்."

தமிழர்களுக்குப் பெயர் எழுதும் வழக்கம் வேறு. நாம் தந்தை பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுகிறோம். திருமணமான பெண்களில் சிலர் கணவர் பெயரைச் சேர்க்கிறார்கள். வடக்கே குடும்பப் பெயர் கேட்கிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர் காதில் விழுந்தபடி இந்தியில் எழுதுகிறார். வேறொருவர் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுகிறார். மூன்று கை மாறும்போது பெயரும் மாறிவிடுகிறது. வயது மாறுகிறது. கதவு எண்ணும் மாறுகிறது.

படிக்கத் தெரியாதபோது இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையில் கொடுத்த அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்து விடுகிறோம். பத்து ஆண்டுகள் கழித்து அதை எடுக்கும்போதுதான் தவறு தெரிகிறது. அப்போது திருத்த நேரம் இருப்பதில்லை.

உங்கள் பெயரை நீங்களே வாசிக்க முடிந்தால் தவறை அன்றைக்கே கண்டுபிடிக்கலாம். அன்றைக்கே திருத்தச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிவதன் முதல் பயன்களில் இதுவும் ஒன்று.

நரேலா எவ்வளவு தூரம்?

நரேலா தில்லியின் வடக்கு எல்லையில் இருக்கிறது. அங்கே அரசு பல ஆயிரம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. அவற்றில் பல நெடுநாள் காலியாகவே கிடந்தன.

அடுக்குமாடி வீட்டில் சில நன்மைகள் உண்டு. மழை ஒழுகாது. வெள்ளம் வந்து அரிசி மூட்டையை நனைக்காது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கும். வீடு யார் பெயரில் என்று காகிதம் இருக்கும். நாளை இடிப்பார்களோ என்ற பயம் இருக்காது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் போனவர்கள் சில குறைகளையும் சொன்னார்கள். சில வீடுகளில் தண்ணீர்க் குழாய் சரியில்லை, மின்சார இணைப்பு இல்லை என்றார்கள். பக்கத்தில் வேலை இல்லை என்றார்கள். பிள்ளைகளின் பழைய பள்ளி தொலைவாகிவிட்டது என்றார்கள். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி போல ஒரு பள்ளி நரேலாவில் இல்லை.

தூரம் என்பது கிலோமீட்டர் மட்டும் அல்ல. அது நேரம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு ஒரு பக்கம் 2 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம்.
போக வர 4 மணி நேரம்.
மாதத்தில் 26 நாள் வேலை.
4 × 26 = 104 மணி நேரம்.
ஒரு நாள் வேலை 8 மணி நேரம் என்றால், 104 ÷ 8 = 13 நாள்.

அதாவது, ஒரு மாதத்தில் 13 நாள் வேலைக்குச் சமமான நேரம் பேருந்திலேயே போய்விடும். 2019 அக்டோபரில் தில்லி அரசு, பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தொடங்கியது. அது பெரிய உதவி. ஆனால் கட்டணம் இல்லாவிட்டாலும் நேரம் போகத்தான் போகும். மூன்று வீட்டில் வேலை செய்தவர் ஒரு வீட்டில் மட்டுமே செய்ய முடியும். வருமானம் குறையும். வருமானம் குறையும் அதே மாதத்தில் வீட்டுக் கடனும் தொடங்கும்.

அதனால்தான் பட்டியலில் பெயர் வந்த குடும்பங்களிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி இல்லை. பெயர் வராத குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். அவர்களில் சிலர் பக்கத்திலேயே வாடகைக்கு இடம் தேடினார்கள். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. ஆனால் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு எது ஊர்?

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாறுவது தில்லியில் மட்டும் நடப்பது அல்ல. மூன்று இடங்களைப் பார்ப்போம்.

சென்னை: தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது. 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் பல கட்டினார்கள். பிறகு நிலத்தின் விலை ஏறியது. நகரத்துக்கு வெளியே கட்டத் தொடங்கினார்கள். துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. பிறகு செம்மஞ்சேரி வந்தது. பெரும்பாக்கம் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின.

அங்கும் முதல் ஆண்டுகளில் இதே குறைகள் இருந்தன. வேலை தூரம். பள்ளி தூரம். பேருந்து குறைவு. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தரத் தயங்கியவர்களும் உண்டு. மக்கள் கேட்டுக் கேட்டுச் சில வசதிகளைப் பெற்றார்கள். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய ஒரு பெண் கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அன்றைக்கு அந்த முகவரியை எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்.

கல்காஜி: இது தில்லியிலேயே உள்ளது. அங்கே பூமிஹீன் கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்தது. அதன் அருகிலேயே 3,024 அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். 2022 நவம்பரில் அவற்றைத் திறந்தார்கள். வீடு கிடைத்தவர்களுக்கு வேலையும் பள்ளியும் மாறவில்லை. பக்கத்திலேயே வீடு கட்ட முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அங்கும் பட்டியலில் வராதவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குடிசைகள் 2025 ஜூனில் இடிக்கப்பட்டன.

சிங்கப்பூர்: தமிழர்கள் நிறைய வாழும் நாடு இது. அங்கே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்தது. ஏறக்குறைய 16,000 பேர் வீடு இழந்தார்கள். அந்த இடத்திலேயே கழகம் அடுக்குமாடி வீடுகளை வேகமாகக் கட்டியது. 1968 முதல், தொழிலாளர்கள் தங்கள் சேமநிதிப் பணத்திலிருந்தே வீட்டுத் தவணை கட்ட வழி செய்தார்கள். கம்பம் எனப்படும் கிராமங்களை விட்டுப் போகப் பலருக்கு மனம் வரவில்லை. ஆடு கோழி வளர்த்தவர்கள் பத்தாவது மாடியில் என்ன செய்வார்கள்? ஆனாலும் வீட்டோடு சந்தை, பள்ளி, பேருந்து ஆகியவற்றையும் சேர்த்துக் கட்டினார்கள். அது பழகிக் கொள்ள உதவியது.

இந்த மூன்று இடங்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. நான்கு சுவரும் கூரையும் மட்டும் வீடு ஆகாது. வேலை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து, பழகிய மனிதர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் வீடு.

சட்டம் என்ன சொல்கிறது?

1985இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. அது பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு. உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைபாதையில் நிரந்தரமாக வாழும் உரிமை உண்டு என்று சொல்லவில்லை. சட்டப்படியான முறையில் அகற்றலாம் என்றது.

2010இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. குடிசைகளை அகற்றும் முன் கணக்கெடுக்க வேண்டும், மறுவாழ்வுக்கு வழி செய்ய வேண்டும் என்றது. 2019இல் ஷகூர் பஸ்தி வழக்கிலும் அதே நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. குடிசைவாசிகளைக் கலந்து பேசாமல், திடீரென்று வெளியேற்றக் கூடாது என்றது.

சுருக்கமாகச் சொன்னால், பொது நிலத்தைச் சொந்தம் என்று கேட்க முடியாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்து கொள்ளவும், கணக்கெடுப்பில் இடம் பெறவும், தகுதி இருந்தால் மாற்று வீடு பெறவும், தகுதி இல்லை என்றால் ஏன் என்று கேட்கவும் உரிமை உண்டு. தில்லிக் கொள்கையில் மேல்முறையீட்டுக்கும் இடம் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இவற்றை நினைவில் வையுங்கள்.

எல்லா ஆவணங்களிலும் உங்கள் பெயரை நீங்களே வாசியுங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகிய நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் இப்போதே திருத்த மனுக் கொடுங்கள்.

வாக்காளர் பட்டியல் வெளியாகும்போது போய்ப் பாருங்கள். அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாமல் போகலாம்.

பழைய காகிதங்களைக் கிழிக்காதீர்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய மின்சார ரசீது ஒரு நாள் வீடு வாங்கித் தரலாம். மழையில் நனையாத உறையில் வையுங்கள். நகல் எடுத்து உறவினர் வீட்டிலும் வையுங்கள்.

கணக்கெடுப்பு நடக்கும் நாளில் வீட்டில் யாராவது இருங்கள். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எழுதிக் கொள்வார்கள்.

எந்த மனு கொடுத்தாலும் அலுவலக முத்திரையோடு ரசீது வாங்குங்கள். தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

படிக்காமல் கைநாட்டோ கையெழுத்தோ போடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தால், தெரிந்தவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு செய்யக் கடைசித் தேதி எது என்று கேளுங்கள். இலவசச் சட்ட உதவி மையம் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் அங்கே கட்டணம் இல்லாமல் உதவி பெறலாம்.

புதிய வீட்டின் சாவியை வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். விளக்கைப் போட்டுப் பாருங்கள். கதவு, சன்னல், கழிப்பறை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பள்ளியை மறக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். புதிய இடத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பிறகே பழைய பள்ளியை விடுங்கள். இடையில் ஒரு மாதம் நின்றாலும் சில பிள்ளைகள் திரும்பப் போவதே இல்லை.

தனியாகப் போனால் குரல் கேட்காது. தெருவில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். எல்லோரும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

கணக்குப் போடுவோம்

1. தில்லிக் கொள்கைப்படி வீட்டுக்கு 1,12,000 ரூபாய். பராமரிப்புக்கு 30,000 ரூபாய். மொத்தம் எவ்வளவு?

2. 1,12,000 ரூபாயை வட்டி இல்லாமல் 10 ஆண்டில், அதாவது 120 மாதத்தில் கட்டினால் மாதம் எவ்வளவு?
(விடை: ஏறக்குறைய 933 ரூபாய். வங்கி வட்டியும் சேர்க்கும். எனவே தவணை இதை விடக் கூடும். வட்டி எவ்வளவு என்று கடன் வாங்கும் முன் கேளுங்கள்.)

3. 370 வீடுகளில் 189 வீடுகளுக்குத் தகுதி உண்டு என்று முதல் பட்டியல் சொன்னது. பாதி வீடுகள் என்றால் எத்தனை? 189 பாதியை விட எவ்வளவு அதிகம்?

4. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போக வர எவ்வளவு நேரம் ஆகிறது? மாதத்துக்கு எத்தனை மணி நேரம்?

சொற்களின் பொருள்

மறுவாழ்வு – இடம் இழந்தவருக்கு மீண்டும் வாழ வழி செய்து தருதல்
தகுதி – ஒன்றைப் பெறுவதற்கு உரிய நிலை
ஆவணம் – சான்றாகக் காட்டும் காகிதம்
ஒதுக்கீடு – இன்னாருக்கு என்று பிரித்துத் தருதல்
பயனாளி – ஒரு திட்டத்தால் பயன் பெறுபவர்
மேல்முறையீடு – ஒரு முடிவை மாற்றக் கோரி மேல் அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ முறையிடுதல்
தவணை – பணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டும் முறை
தலைப்பெழுத்து – பெயருக்கு முன் போடும் எழுத்து

கூடிப் பேசுவோம்

1. மதராசி கேம்ப்பை அகற்றச் சொன்ன காரணம் என்ன? வடிகாலைச் சுத்தம் செய்வதும் வேண்டும், மக்களுக்கு வீடும் வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்யலாம்?

2. 5 கிலோமீட்டருக்குள் வீடு என்ற விதி ஏன் முக்கியம்?

3. வேலைக்குப் பக்கத்தில் குடிசை, தூரத்தில் அடுக்குமாடி வீடு. உங்கள் குடும்பம் எதை விரும்பும்? வீட்டில் உள்ள பெண்கள் என்ன சொல்வார்கள்? பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?

4. உங்கள் தெருவில் யாருடைய ஆவணத்திலாவது பெயர்த் தவறு இருக்கிறதா?

செய்து பார்ப்போம்

இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள உங்கள் பெயரை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதிய தாளை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பிறகு படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே போல் வாசித்துச் சொல்லுங்கள்.